ஸ்பீடு டெஸ்டில் முழு வேகம், ஒற்றை டவுன்லோடில் 12 எம்பிபிஎஸ்: ஐஎஸ்பி போலீசிங் செய்கிறார்களா?

#1 மழைக்குருவி

வணக்கம். என்னுடையது 100 எம்பிபிஎஸ் டவுன்லோடு, 20 எம்பிபிஎஸ் அப்லோடு ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் எப்போது ஓட்டினாலும் 94, 95 காட்டுகிறது. ஆனால் வேலை விஷயமாக வேறு கண்டத்தில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து பெரிய ஃபைல்களை இறக்க வேண்டியிருக்கிறது. அந்த சர்வருக்கு பிங், அதாவது பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிசெகண்ட். ஒரே கனெக்‌ஷனில் இறக்கினால் 10, 12 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதே இல்லை. அதே ஃபைலை டவுன்லோடு மேனேஜரில் எட்டுத் துண்டாக இறக்கினால் 80க்கு மேல் போகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் யாராவது போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் என் வீடியோ கால் உடைகிறது. லைன் சும்மா இருக்கும்போது பக்கத்து சர்வருக்கு பிங் 4 மில்லிசெகண்ட், அப்லோடு ஓடும்போது 400. கால் பாக்கெட்டுகளுக்கு ரூட்டரில் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை அடையாளம் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை.

புகார் கொடுத்தால் "ஸ்பீடு டெஸ்ட் சரியாக வருகிறதே" என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். நான் கேட்பது இதுதான்: ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) பக்கம் டிராஃபிக்கை உண்மையில் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? என் வேலையைக் கெடுப்பது அதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

#2 கம்பிவடம்

வைஃபையா, கேபிளா? ஐஎஸ்பி மேல் பழி போடும் முன் விண்டோ அளவைப் பாருங்கள், அதாவது பதில் வருவதற்கு முன் ஒரே நேரத்தில் பயணத்தில் இருக்கக்கூடிய டேட்டாவின் அளவை. பல லினக்ஸ் பதிப்புகளில் ரிசீவ் பஃபரின் (வந்த டேட்டாவை வைக்கும் இடத்தின்) வழக்கமான உச்சவரம்பு 212992 பைட். மென்பொருள் அந்த அளவைக் கையால் நிலைநிறுத்தியிருந்தால், 150 மில்லிசெகண்ட் தூரத்தில் கிடைக்கும் வேகம் 11.4 எம்பிபிஎஸ்தான். நீங்கள் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய அதுவே. அப்படியானால் ஐஎஸ்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

#3 எல்லைரூட்டர்

கம்பிவடம் சொல்வது நல்ல சந்தேகம், அதை முதலில் தீர்த்துவிடலாம். வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவு மென்பொருளில் ஒரு டவுன்லோடைப் பிடியுங்கள். விண்டோ தடையாக இருந்தால் வேகக் கோடு மட்டமாக ஓடும், மறுஅனுப்பல் கிட்டத்தட்ட இருக்காது. போலீசிங் (வேக வரம்பை மீறும் பாக்கெட்டுகளைக் கீழே போடுவது) என்றால் கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி ஏறி விழும், ஒவ்வொரு விழுகைக்கும் கீழே மறுஅனுப்பல்கள் கொத்தாகக் கிடக்கும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

#4 மழைக்குருவி

கேபிள்தான். பிடித்துப் பார்த்தேன். ரம்பப்பல். 25, 30 வரை ஏறுகிறது, பொத்தென்று விழுகிறது, மறுபடி மெதுவாக ஏறுகிறது. விழும் இடங்களில் எல்லாம் மறுஅனுப்பல் இருக்கிறது.

#5 எல்லைரூட்டர்

சரி, அப்படியானால் விண்டோ இல்லை. பாக்கெட் எங்கேயோ கீழே போடப்படுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் வாடிக்கையாளரும் சேவை மையமும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் போகிறார்கள்.

நீங்கள் வாங்கிய பிளானின் வேகத்தை அமல்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று ஷேப்பிங், மற்றது போலீசிங். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றே: டோக்கன் பக்கெட். பிளான் வேகத்தில் டோக்கன்கள் பக்கெட்டில் விழுந்துகொண்டே இருக்கும். பாக்கெட் வந்தால் அதன் அளவுக்கு டோக்கன் கழியும். டோக்கன் இல்லாதபோது வரும் பாக்கெட்டை என்ன செய்வது என்பதில்தான் வித்தியாசம். ஷேப்பர் அதை வாசலில் நிற்க வைத்து, முறை வந்ததும் உள்ளே விடும். போலீசர் அப்படியே கீழே போட்டுவிடும்.

எனவே வேகம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. பக்கெட்டின் ஆழம் எவ்வளவு, அதாவது பர்ஸ்ட் எத்தனை பைட் என்றும் கேட்க வேண்டும். பிளான் காகிதத்தில் அந்த எண் வரவே வராது. ஆனால் உங்கள் டவுன்லோடின் தலைவிதி அதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, பர்ஸ்ட் 128 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் ஒரு கொத்துப் பாக்கெட்டை 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் தள்ளுகிறது. பக்கெட்டில் 100 எம்பிபிஎஸ் உள்ளே வருகிறது, 1000 வெளியே போகிறது. ஏறத்தாழ 1.1 மில்லிசெகண்டில் பக்கெட் காலி. அதற்குப் பிறகு வருவதில் பத்துக்கு ஒன்பது கீழே விழும். சராசரி வேகம் 100ஐத் தொட்டிருக்கவே தேவையில்லை. ஒரு நொடிக்கு எடுத்த சராசரி 20 எம்பிபிஎஸ்தான் என்றாலும் அந்தக் கொத்து அடி வாங்கும்.

பக்கத்து சர்வரில் இது ஏன் தெரிவதில்லை? 4 மில்லிசெகண்ட் தூரத்தில் 100 எம்பிபிஎஸ்ஸை நிரப்ப ஒரு நேரத்தில் 50 கிலோபைட் பயணத்தில் இருந்தால் போதும். 128 கிலோபைட் பக்கெட்டுக்குள் அது சுலபமாக அடங்கிவிடும். 150 மில்லிசெகண்ட் தூரத்துக்கோ 1.875 மெகாபைட் பயணத்தில் இருக்க வேண்டும். அது அதே பக்கெட்டைப் போலப் பதினான்கு மடங்குக்கும் மேல்.

இழப்புக்குப் பிறகு மீண்டெழுவதிலும் தூரம் தண்டனை தருகிறது. 1997இல் மேத்திஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் தந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி டவுன்லோடை நடத்தும் முறை) வேகம் ரவுண்டு ட்ரிப் நேரத்துக்கும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். பத்தாயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று தொலைகிறது என்று போட்டுப் பாருங்கள். 4 மில்லிசெகண்ட் தூரத்தில் 350 எம்பிபிஎஸ் வரை ஓட இடமிருக்கிறது. 150இல் 9.5 எம்பிபிஎஸ்தான். இன்றைய டிசிபி வகையான கியூபிக், அந்தச் சூத்திரத்தின் காலத்து வகையான ரீனோவைவிடச் சீக்கிரம் எழும், அதனால் உங்களுக்கு 12 கிடைக்கிறது. எட்டுத் துண்டாக இறக்கும்போது எட்டு இணைப்பும் தனித்தனியாக விழுந்து எழுகின்றன, கூட்டினால் 80 வருகிறது.

ஸ்பீடு டெஸ்ட் பக்கத்து சர்வருக்கு, பல இணைப்புகளைச் சேர்த்து ஓட்டுகிறது. போலீசரின் குறை தெரியாமல் இருக்க அதைவிடச் சாதகமான சூழல் கிடையாது.

#6 மழைக்குருவி

முதல் தடவையாக ஒருவர் கணக்கோடு சொல்கிறார், நன்றி. ஆனால் இது இன்னும் ஊகம்தானே? வழியில் வேறு எங்காவது பாக்கெட் தொலையலாமே?

#7 எல்லைரூட்டர்

தொலையலாம். அதைப் பிரித்துப் பார்க்க யுடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாமல் சொன்ன வேகத்திலேயே அனுப்பும் முறை) சோதனைதான் சிறந்த வழி. உங்களுக்கு அருகில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வரில் ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்ட முடியுமா? அங்கிருந்து உங்களுக்கு யுடிபி பாக்கெட்டுகளை 80இல் ஆரம்பித்து 90, 100, 110 என்று ஏற்றுங்கள். அதே நேரத்தில் தனியாக பிங் ஓடட்டும்.

கவனிக்க வேண்டியது இழப்பும் தாமதமும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை. ஷேப்பர் என்றால் முதலில் பிங் ஏறும், வரிசை நிரம்பிய பிறகே இழப்பு ஆரம்பிக்கும். போலீசர் என்றால் பிங் அசையாது, 100ஐத் தாண்டிய நொடியே இழப்பு தொடங்கும். பிறகு திசையை மாற்றி அப்லோடுக்கும் இதையே செய்யுங்கள்.

#8 ஏழாம்அடுக்கு

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். இவ்வளவு கணக்கு எதற்கு? நிறுவனங்கள் எந்த ஆப் என்று பார்த்து வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்க ஐஎஸ்பியான காம்காஸ்ட் செய்ததை எல்லோரும் மறந்துவிட்டோமா? 2007இல் பிட்டொரென்ட் என்ற ஃபைல் பகிர்வு முறையைப் பயன்படுத்தியவர்களின் இணைப்புகளுக்கு நடுவில் போலி ரீசெட் பாக்கெட்டுகளைச் செருகி இணைப்பையே அறுத்தார்கள். ஒரு பயனர் கண்டுபிடித்துச் சொல்லி, செய்தி நிறுவனம் சோதித்து உறுதிசெய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதற்கு எதிராக உத்தரவு போட்டது, 2010 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

#9 எல்லைரூட்டர்

யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இரண்டு முனையும் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருப்பவன் ஒரு முனையின் பெயரில் பொய்ப் பாக்கெட் அனுப்புவது மேலாண்மையே இல்லை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் அதே நிறுவனம் அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது. 2008 இறுதிக்குள் ஆப்பைப் பார்க்காத ஒரு முறைக்கு மாறினார்கள். 2010இல் அதை ஆர்எஃப்சி 6057 என்ற பொது இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எழுதி வெளியிட்டார்கள். முதலில் அந்தப் பகுதியின் போர்ட்டில் உண்மையாகவே நெரிசல் வரும் நிலையா என்று பார்த்தார்கள்: டவுன்லோடு பக்கம் 80 சதவீதம், அப்லோடு பக்கம் 70 சதவீதம், தொடர்ந்து 15 நிமிடம். அப்படி இருந்தால் மட்டும், தன் பிளானில் 70 சதவீதத்துக்கு மேல் 15 நிமிடமாக இழுத்துக்கொண்டிருப்பவரின் பாக்கெட்டுகள் ஒரு படி கீழான வகுப்புக்குப் போயின. அவர் பயன்பாடு 50 சதவீதத்துக்குக் கீழே வந்து 15 நிமிடம் ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது, வேகம் வெட்டப்படவில்லை என்பதுதான். கீழ் வகுப்பில் இருந்தாலும் லைனில் இடம் இருந்தால் முழு வேகம் கிடைத்தது. நெரிசல் நேரத்தில் மட்டும், குறைவாகப் பயன்படுத்துபவரின் பாக்கெட் முன்னால் போனது. எந்த ஆப், எந்த தளம் என்ற கேள்வியே எழவில்லை. அளவுகோல் எல்லாம் பொதுவில் எழுதப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2120 விதிமுறையும் இதே திசையில்தான் போகிறது: மேலாண்மை வெளிப்படையாக, பாரபட்சம் இல்லாமல், தேவைக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும், உள்ளடக்கத்தை வேவு பார்க்கக் கூடாது, தேவைக்கு மேல் நீடிக்கக் கூடாது.

மழைக்குருவியின் விஷயத்தில் பழைய காம்காஸ்ட் பாணி நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆப்பைப் பார்த்து வெட்டுகிறவர்கள் எட்டு இணைப்பில் 80 கொடுக்க மாட்டார்கள்.

#10 கம்பிவடம்

ஆப்பைப் பார்த்துக் குறைக்கிறார்களா என்று சந்தேகம் இருப்பவர்களுக்கு வீஹீ என்ற ஆப் இருக்கிறது, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு உருவாக்கியது. பிரபல சேவைகளின் டிராஃபிக்கைப் பதிவுசெய்து வைத்து அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும். பிறகு அதே டிராஃபிக்கை உள்ளடக்கம் அடையாளம் தெரியாதபடி மாற்றி ஓட்டும். இரண்டுக்கும் வேகம் வேறுபட்டால் யாரோ உள்ளே பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

#11 மழைக்குருவி

சோதனை முடிந்தது.

டவுன்லோடு: 80, 90இல் இழப்பு இல்லை. 110இல் 9 சதவீத இழப்பு. பிங் முழு நேரமும் 4, 5. கொஞ்சம்கூட அசையவில்லை.

அப்லோடு: 18 வரை பிரச்சினை இல்லை. 25 அனுப்பியதும் பிங் 50, 120, 300 என்று ஏறி 400இல் நின்றது. அதற்குப் பிறகுதான் இழப்பு ஆரம்பித்தது.

#12 எல்லைரூட்டர்

இதைவிடத் தெளிவாக வராது. டவுன்லோடில் போலீசர். 110 அனுப்பி 100 வந்தால் இழப்பு 9.1 சதவீதம், உங்கள் எண் அதேதான். அப்லோடில் ஒரு நீளமான, யாரும் கவனிக்காத வரிசை. கணக்குப் போட்டால் 20 எம்பிபிஎஸ்ஸில் 400 மில்லிசெகண்ட் என்பது 1 மெகாபைட் பஃபர். அது பெரும்பாலும் உங்கள் வீட்டு ஓஎன்டிக்குள்ளேயே (ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்குள்) இருக்கும்.

ஆக உங்களுக்கு இருப்பது நேர் எதிரான இரண்டு நோய். ஒரு பக்கம் காத்திருக்கவே இடமில்லை, மறுபக்கம் காத்திருக்க அளவுக்கு மீறிய இடம்.

இரண்டாவதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் பரவலாகக் கவனம் பெற்றது. மருந்து உங்கள் கையில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரூட்டர் இருந்தால் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதியைப் போட்டு, க்யூ (வரிசை) வகையை கேக் என்று வைத்து, அப்லோடை 18 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுங்கள். பிளானைவிடக் கொஞ்சம் குறைத்துக் கட்டினால் வரிசை ஓஎன்டியில் சேராமல் உங்கள் ரூட்டரில் சேரும். அங்கே அதை ஆளத் தெரிந்த மென்பொருள் இருக்கிறது. கேக்கின் அடிப்படையான கோடெல் பாக்கெட் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் முழுக்க 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒன்றைக் கீழே போட்டு அனுப்புநருக்குச் சொல்லும். கூடவே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை. போட்டோ அப்லோடுக்குப் பின்னால் உங்கள் கால் பாக்கெட் நிற்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம்: ரூட்டரில் ஹார்டுவேர் ஆஃப்லோடு இயங்கினால் பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமலே போய்விடும். அதை அணைத்து வையுங்கள்.

#13 மழைக்குருவி

அப்லோடு ஓடும்போது பிங் இப்போது 9, 10. கால் உடைவது நின்றுவிட்டது. நம்பவே முடியவில்லை!

அப்படியானால் டிஎஸ்சிபி 46 போட்டது ஏன் வேலை செய்யவில்லை?

#14 நிழல்வலை

அது எனக்குத் தெரிந்த பகுதி, நான் சொல்கிறேன்.

டிஎஸ்சிபி என்பது ஐபி தலைப்பில் 6 பிட், 64 மதிப்பு. 1998இல் டிஃப்செர்வ் என்ற பாக்கெட் வகுப்பு முறை வந்தபோது வகுத்தார்கள். 46 என்பது ஈஎஃப், குரலுக்கானது. ஆனால் அந்த எண்ணுக்குத் தானாக எந்த அதிகாரமும் இல்லை. வழியில் உள்ள ஒவ்வொரு சாதனமும் அதை மதிக்கும்படி அமைத்திருந்தால்தான் பலன். உங்கள் ஓஎன்டி ஒரே வரிசையில் எல்லாவற்றையும் போட்டால் 46 வந்தாலும் 0 வந்தாலும் ஒன்றே.

ஐஎஸ்பி எல்லையில் பெரும்பாலும் அதை 0 ஆக்கிவிடுவார்கள். இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈஎஃப் வரிசை கண்டிப்பான முன்னுரிமை வரிசை: அதில் பாக்கெட் இருக்கும்வரை மற்றவை நகராது. யார் வேண்டுமானாலும் 46 போட்டு உள்ளே வரலாம் என்றால் ஒரே ஆள் டவுன்லோடு முழுவதையும் 46 போட்டு அனுப்பி மற்றவர்களைப் பட்டினி போடலாம். அதனால்தான் ஈஎஃப் இருக்கும் இடத்தில் எல்லாம் அதற்கு ஒரு போலீசரும் இருக்கும். இங்கே போலீசர்தான் சரியான கருவி. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும் ஜி.711 (குரலை டிஜிட்டலாக்கும் ஒரு முறை) கால் ஐபி அளவில் 80 கேபிபிஎஸ் எடுக்கும், அது எப்போதும் அவ்வளவுதான் எடுக்கும். ஆயிரம் காலுக்கு 80 எம்பிபிஎஸ் என்று எழுதி வைத்துவிடலாம். தாமதமாக வரும் குரல் பாக்கெட்டால் யாருக்கும் பயனில்லை, வரிசையில் நிற்க வைப்பதைவிடக் கீழே போடுவதே மேல்.

வீட்டுக்குள்ளும் ஒரு குழி இருக்கிறது. பல வைஃபை சாதனங்கள் டிஎஸ்சிபியின் முதல் 3 பிட்டை மட்டும் எடுத்து வகுப்பைத் தீர்மானிக்கும். 46ஐ பைனரியில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட் 5, அது வைஃபையில் வீடியோ வகுப்பு! குரல் வகுப்புக்கு 6 அல்லது 7 வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் 2018இல் ஆர்எஃப்சி 8325 வந்தது.

#15 கடைசிமைல்

நான் ஒரு சிறிய ஐஎஸ்பி நடத்துகிறேன், மறுபக்கத்திலிருந்து சில வார்த்தை.

போலீசிங் என்றாலே வாடிக்கையாளரை வதைக்க என்று இங்கே படிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷேப்பிங் செய்ய ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனி வரிசை வேண்டும். அதற்கு நினைவகம் வேண்டும், அந்த அளவு வரிசைகளைத் தாங்கும் லைன் கார்டு வேண்டும், சில பெட்டிகளில் அதற்குத் தனி லைசென்ஸும் வேண்டும். போலீசருக்கு ஒரு கவுன்ட்டர் போதும். ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஒரு பிஎன்ஜியில் (சந்தாதாரர்களைக் கையாளும் ஐஎஸ்பி ரூட்டரில்) வந்து முடியும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை. வாடிக்கையாளர் லாகின் ஆகும்போது ரேடியஸ் என்ற கணக்குச் சரிபார்ப்பு சர்வரிலிருந்து அவர் ப்ரொஃபைல் வரும், அதில் வேகம் இருக்கும். பர்ஸ்ட் என்ற கட்டம் காலியாக இருந்தால் பெட்டி தன் இஷ்டப்படி ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். பல இடங்களில் நடப்பது இதுதான்.

தவிர அப்லோடு பக்கம், உள்ளே வரும் போர்ட்டில் பெரும்பாலான ரூட்டர்களால் வரிசை வைக்கவே முடியாது. போலீசிங் மட்டுமே முடியும்.

#16 எல்லைரூட்டர்

கடைசிமைல், நீங்கள் சொல்வது அனைத்தும் சரி, பெட்டியின் வரம்பை நான் மறுக்கவில்லை. நான் வாதாடுவது அந்தக் காலிக் கட்டத்துக்காகத்தான். அதை நிரப்ப ஒரு பைசா செலவில்லை.

போலீசர் வைத்தேதான் ஆக வேண்டும் என்றாலும் எல்லா மீறலையும் கீழே போட வேண்டியதில்லை. ஆர்எஃப்சி 2698இன் மூவண்ண மார்க்கர் 1999இலிருந்தே இருக்கிறது. உறுதியளித்த வேகத்துக்குள் வருவது பச்சை, அதைத் தாண்டி உச்ச வேகத்துக்குள் வருவது மஞ்சள், அதையும் தாண்டினால் சிவப்பு. சிவப்பை மட்டும் போடுங்கள். மஞ்சளுக்கு டிஎஸ்சிபியை மாற்றி உள்ளே விடுங்கள். உள்ளே எங்காவது லைன் நெருக்கடியானால் மஞ்சள் முதலில் விழும், நெருக்கடி இல்லையென்றால் யாருக்கும் நஷ்டமில்லாமல் போய்ச் சேரும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த வசதி சும்மா கிடக்கிறது.

2016இல் கூகுள் ஆய்வாளர்களும் பிறரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்துப் பாருங்கள். 27,000 கோடி பாக்கெட்டுகளை அலசினார்கள். பகுதியைப் பொறுத்து 7 சதவீதம் வரை இணைப்புகள் போலீசிங்குக்கு உள்ளாவதாகவும், அங்கே இழப்பு சராசரியாக ஆறு மடங்கு அதிகம் என்றும் கண்டார்கள். கீழே விழும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஏற்கெனவே வெளி இணையத்தோடு இணைக்கும் உங்கள் அப்ஸ்ட்ரீம் லைனில் பயணம் செய்து வந்தது. அதை மறுபடி அனுப்பும்போது அதே லைனை மறுபடி நிரப்புகிறது. ஐஎஸ்பிக்கே இது நஷ்டம்.

#17 ஏழாம்அடுக்கு

சர்வர் பக்கம் ஏதாவது செய்ய முடியுமா? மழைக்குருவி அங்கேயும் வேலை செய்பவர் என்றால்?

#18 எல்லைரூட்டர்

முடியும். சர்வரில் பிபிஆர் என்ற டிசிபி வகையைப் போட்டுப் பார்க்கலாம். அது பாக்கெட்டுகளைக் கொத்தாகத் தள்ளாமல் இடைவெளி விட்டு அனுப்பும், அதனாலேயே சிறிய பக்கெட்டிலும் குறைவாக அடிபடும். லினக்ஸில் உள்ள பிபிஆர் நிரலில் போலீசரைக் கண்டுபிடிக்கவே தனிப் பகுதி இருக்கிறது: இழப்பு தொடர்ந்து அதிகமாக இருந்து, வேகம் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால், டோக்கன் பக்கெட் இருக்கிறது என்று முடிவுசெய்து அந்த வேகத்துக்குள் அனுப்பும்.

#19 நிழல்வலை

ஒரு எச்சரிக்கை மட்டும். மாலையில் மட்டும் வேகம் குறைகிறது என்பவர்கள் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். போலீசர் விடியற்காலையிலும் அதே எண்ணில்தான் வெட்டும். நேரத்துக்கு நேரம் மாறினால் அது பகிரப்பட்ட லைன் நிரம்புவது. ஜிபான் வகை ஃபைபர் என்றால் 2.488 ஜிபிபிஎஸ் டவுன்லோடை ஒரு பிரிப்பானில் உள்ள எல்லோரும் பங்கிடுகிறார்கள், அப்லோடு அதில் பாதி. அல்லது இரண்டு நிறுவனங்கள் இணையும் இடத்தில் லைன் போதவில்லை. அதற்கு எந்த க்யூஓஎஸ்ஸும் (முன்னுரிமை ஏற்பாடும்) மருந்தாகாது, லைனைப் பெரிதாக்கத்தான் வேண்டும்.

#20 மழைக்குருவி

புகாரை மறுபடி எழுதினேன். இந்த முறை ஸ்பீடு டெஸ்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. யுடிபி சோதனையின் எண்கள், பிங் அசையாத படம், ரம்பப்பல் படம் மூன்றையும் வைத்து, "என் ப்ரொஃபைலில் டவுன்லோடு போலீசரின் பர்ஸ்ட் எத்தனை பைட்? அதை 1.25 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். முதல்முறையாக என்ஓசியிலிருந்து (நெட்வொர்க் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து) ஒருவர் நேரடியாக அழைத்தார். பர்ஸ்ட்டைப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் ஒற்றை இணைப்பில் இப்போது 70லிருந்து 85 வரை ஓடுகிறது.

உங்கள் எல்லோருக்கும் நன்றி.

#21 கடைசிமைல்

நல்ல செய்தி. நானும் என் பெட்டியில் பார்த்தேன், 100 எம்பிபிஎஸ் ப்ரொஃபைலுக்கு 32 கிலோபைட் என்று நின்றது. எவ்வளவு வைக்கலாம்? சிஸ்கோவின் பழைய ஆவணம் வேகத்தை ஒன்றரை நொடியால் பெருக்கச் சொல்கிறது.

#22 எல்லைரூட்டர்

அந்தச் சூத்திரப்படி 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 18.75 மெகாபைட் வரும். அவ்வளவு வேண்டாம். பக்கெட் அவ்வளவு ஆழமாக இருந்தால் டிசிபி முதலில் 300 எம்பிபிஎஸ் வரைகூட ஏறி, முக்கால் நொடி நிம்மதியாக ஓடும். பக்கெட் காலியானதும் மூன்றில் இரண்டு பாக்கெட் ஒரே நேரத்தில் விழும். வீடியோ பார்ப்பவருக்குத் தொடக்கம் பளிச்சென்று இருந்துவிட்டுப் பிறகு சுழல ஆரம்பிக்கும். 100 முதல் 200 மில்லிசெகண்ட் அளவுக்கு, அதாவது 1.25இலிருந்து 2.5 மெகாபைட் வரை வைத்து, போலீசர் கவுன்ட்டரில் விழும் பாக்கெட் விகிதத்தைப் பாருங்கள்.

இன்னும் நல்ல வழி வேண்டுமென்றால், பிஎன்ஜியை மாற்றாமல் லிப்ரேக்யூஓஎஸ் போடலாம். ஒரு லினக்ஸ் சர்வர், இரண்டு போர்ட், நடுவில் பாலமாக நிற்கும், ஒவ்வொரு சந்தாதாரருக்கும் கேக் வரிசை வைக்கும். திறந்த மூல மென்பொருள்.

#23 கடைசிமைல்

அந்த சர்வர் செத்தால் எல்லோருக்கும் இணைப்பு போய்விடாதா?

#24 எல்லைரூட்டர்

அதைத் தாண்டிப் போக ஒரு நேரடி லைனையும் போட்டு, அதற்கு ஓஎஸ்பிஎஃப் என்ற பாதை தேர்வு முறையில் காஸ்ட்டை அதிகமாக வையுங்கள். சர்வர் விழுந்தால் டிராஃபிக் தானாக அந்த லைனுக்கு மாறும். அந்த நேரத்துக்கு பிஎன்ஜியில் உள்ள போலீசரைப் பாதுகாப்புக்கு விட்டு வைக்கலாம், வேகத்தை மட்டும் பிளானைவிடப் பத்து சதவீதம் உயர்த்திவிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் போலீசர் முந்திக்கொண்டு வெட்டும், கேக்குக்கு வேலையே இருக்காது.